கட்டைவிரல், மணிக்கட்டு வலி: கிளவுஸ் வாங்குறதுக்கு முன்னாடி வண்டியைப் பாருங்க

#1 விம்கோ_டு_வால்டாக்ஸ்

வண்டி: ஹைப்ரிட் சைக்கிள், 700x35 டயர், 3x7 கியர், முன்னாடி சஸ்பென்ஷன், மெக்கானிக்கல் டிஸ்க்.
ரூட் (வடசென்னை): விம்கோ நகர், எண்ணூர் விரைவுச் சாலை, காசிமேடு, ராயபுரம், வால்டாக்ஸ் ரோடு. தினம் போக வர.
வலி: இடது கையில கட்டைவிரல் அடி, மணிக்கட்டோட சேர்ற இடம். வலது கையில வலி கிடையாது, ஆனா சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகுது.

ஜெல் கிளவுஸா, புது கிரிப்பா, எது முதல்ல?

#2 பிசியோ_தண்டையார்பேட்டை

ரெண்டும் வேற வேற பிரச்சினை. ஒரே மருந்தால ரெண்டும் போகாது.

இடது கை: கட்டைவிரலைத் தூக்குற, விரிக்குற ரெண்டு தசைநாண் மணிக்கட்டு ஓரத்துல ஒரு குறுகலான உறைக்குள்ள போகுது. திரும்பத் திரும்ப அழுத்தித் தள்ளினா அந்த உறை தடிச்சுப்போய் உள்ளே உராயும். இதுக்கு டி குவெர்வெய்ன் என்று பேர். 1895-ல விவரிச்ச சுவிஸ் சர்ஜன் பேரு அது. சோதனை: கட்டைவிரலை உள்ளே மடக்கி மத்த விரலால மூடி, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவா சாய்க்கணும். மணிக்கட்டு ஓரம் சுரீர்னு இழுத்தா அதுவா இருக்க வாய்ப்பு அதிகம். நல்லா இருக்குற கையிலயும் கொஞ்சம் இழுக்கும். அதனால ரெண்டு கையையும் செஞ்சு வித்தியாசத்தைப் பாருங்க.

வலது கை: சுண்டுவிரல், மோதிரவிரல்ல பாதி, இந்த ரெண்டும் அல்நார் நரம்போட எல்லை. அந்த நரம்பு உள்ளங்கையில சுண்டுவிரல் பக்கம் இருக்குற மேட்டு எலும்புக்கு ஒட்டினாப்போல தோலுக்குக் கிட்டத்துலயே ஓடுது. ஹேண்டில்பார் சரியா அங்கதான் குத்துது. ஒரு விஷயம் கவனிங்க: உள்ளங்கைப் பக்கம் மட்டும் மரத்தா அழுத்தம் மணிக்கட்டுல. புறங்கையிலயும் சுண்டுவிரல் பக்கம் மரத்தா அழுத்தம் மணிக்கட்டுக்கு மேல, பெரும்பாலும் முழங்கையில வந்திருக்கு. ஏன்னா புறங்கைக்குப் போற கிளை மணிக்கட்டுக்கு முன்னாடியே பிரிஞ்சிடும். அப்படி இருந்தா சைக்கிளைக் குத்தம் சொல்லாம, முழங்கையை மடக்கித் தூங்குறதையும் மேஜையில ஊணுறதையும் பாருங்க.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து, ராத்திரி தூக்கத்துல கையை உதறணும்னு தோணினா அது மூணாவது வகை, கார்ப்பல் டனல். சர்க்கரை, தைராய்டு இருக்குறவங்களுக்கு அது சீக்கிரம் வரும். இங்க அது இல்லை.

#3 ஆலன்கீ_5

மேடம் சொன்னது உடம்புப் பக்கம். நான் வண்டிப் பக்கம் வர்றேன்.

இடது கட்டைவிரல்னா இடது ஷிஃப்டர், அதாவது கியர் மாத்துற லீவர். இடது ஷிஃப்டர்னா முன் டிரெய்லர், செயினை ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தள்ளுற பாகம். பெரிய பல்லுக்கு (பெரிய பல்சக்கரத்துக்கு) ஏத்த கட்டைவிரலால தள்ளுற அந்த ஒரு கிளிக்தான் முழு வண்டியிலயும் அதிக பலம் கேக்குற கிளிக். அதோட காசிமேட்டு உப்புக்காத்து, எண்ணூர்ப் பக்கத்துத் தூசி. கேபிள் அவுட்டருக்குள்ள (ஒயர் ஓடுற வெளி உறைக்குள்ள) துரு பிடிச்சா, ஒரு கிலோ பலம் போட்ட இடத்துல மூணு கிலோ போடணும். அடையார்ப் பக்கம் ஓடுற வண்டிக்கு ரெண்டு வருஷம் தாங்குற கேபிள், பீச் ரோட்டை ஒட்டி ஓடினா ஒரு மழைக்காலம் தாண்டுறதே பெருசு.

குத்தம் கேபிள்லயா ஷிஃப்டர்லயான்னு பாக்க அஞ்சு நிமிஷம் போதும். டிரெய்லர்ல ஒயரைப் பிடிச்சிருக்குற நட்டை (5 மி.மீ. ஆலன்கீ, பழைய மாடல்ல 9 ஸ்பேனர்) லூஸ் பண்ணி ஒயரை விடுவிங்க. ஒயர் நுனியைக் கையால லேசா இழுத்துப் பிடிச்சுக்கிட்டே ஷிஃப்டரைத் தள்ளுங்க.

தள்ளுறப்போ வழுக்கிக்கிட்டுப் போச்சுன்னா ஷிஃப்டரும் கேபிளும் நல்லா இருக்கு, டிரெய்லரோட மூட்டு இறுகியிருக்கு. இன்னும் கரகரன்னு இருந்தா, ஒயரை முழுசா உருவி வெறும் ஷிஃப்டரைத் தள்ளிப் பாருங்க. இப்போ லேசா இருந்தா கேபிள்தான். இப்பவும் இறுக்கம்னா ஷிஃப்டருக்குள்ள கம்பெனி கிரீஸ் காஞ்சு கோந்தாயிருக்கு. கிளீனர் ஸ்பிரே அடிச்சு இருபது முப்பது தடவை கிளிக் பண்ணி, அழுக்கு வழிஞ்சப்புறம் லேசான எண்ணெய் நாலு சொட்டு.

இன்னொண்ணு, ரொம்பப் பேர் கவனிக்காதது: டிரெய்லர் நட்டுல ஒயரை எந்தப் பக்கம் செருகியிருக்குன்னு பாருங்க. வாஷர்ல அதுக்குன்னு ஒரு பள்ளம் இருக்கும். அதை விட்டுட்டு நட்டோட மறுபக்கம் செருகினா நெம்புகோல் நீளம் மாறிடும், கியர் விழும் ஆனா கல்லு மாதிரி இருக்கும். அசெம்பிள் பண்றப்பவே இப்படி வந்த வண்டிகள் நிறைய.

#4 கொருக்குப்பேட்டை_கேட்

அண்ணே, அவுட்டருக்குள்ள துரு நீக்குற ஸ்பிரே அடிச்சா ஆவாதா? எதுக்கு மொத்தமா மாத்திக்கினு?

#5 ஆலன்கீ_5

ஒரு வாரத்துக்கு ஆவும் தம்பி. கியர் அவுட்டருக்குள்ள பிளாஸ்டிக் குழாய் ஒண்ணு இருக்கு. துருத்தூள் அதை அறுத்து கோடு போட்டிருக்கும். ஸ்பிரே வழிஞ்சு போனதும் தூசி அந்தக் கோட்டுல போய் உக்காந்துக்கும். மண்ணெண்ணெய் ஊத்துறது அதைவிட மோசம்.

மாத்துறப்போ:

ஷிஃப்டரை முன்னாடி சின்னப் பல்லு, பின்னாடியும் சின்னப் பல்லு நிலைக்குக் கொண்டாங்க. அப்பதான் ஒயர் தலை ஓட்டைக்கு நேரா வரும். சின்ன ஸ்டார் ஸ்குரூ மூடியைக் கழட்டி ஒயரைத் தள்ளினா வெளிய வரும்.

இன்னர் (உள்ளே ஓடுற ஒயர்) 1.2 மி.மீ., அவுட்டர் 4 மி.மீ. பிரேக் அவுட்டர் 5 மி.மீ., அதை இதுல போடாதீங்க. அதுக்குள்ள கம்பி சுருளா இருக்கு, கியர் கிளிக் நிக்காது. கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போடுறது இன்னும் ஆபத்து, அதுல கம்பி நீளவாக்குல போகுது, அவசரத்துல இறுக்கிப் பிடிச்சா பிச்சிக்கும். இன்னர் ஸ்டெயின்லெஸ்னு கேட்டு வாங்குங்க. முலாம் பூசினது விலை கம்மி, ஆனா நம்ம ஏரியாவுக்கு அது ஆவாது.

பழைய அவுட்டரை அளவுக்கு வெச்சு வெட்டுங்க. சாதா கட்டிங் பிளேயர் வாயை நசுக்கிடும். நசுங்கினா அரத்தால ராவி நேராக்கி, ஊசியை விட்டு உள்குழாய் வாயைத் திறங்க. இந்த ஊசி வேலையை விட்டுட்டுத்தான் பாதிப் பேர் "புது கேபிள் போட்டும் டைட்டா இருக்கு"ன்றாங்க. ரெண்டு முனைக்கும் கேப் போடணும். பெடல் அச்சுக்குக் கீழே பிளாஸ்டிக் வழிகாட்டி ஒண்ணு சேத்துல புதைஞ்சு கிடக்கும், அதைப் பழைய பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவுங்க.

ஒரு வாரம் ஓட்டினதும் ஒயர் லேசா தளரும். அட்ஜஸ்டரை வெளிப்பக்கம் கால் சுத்து.

#6 பல்லு_கணக்கு

முன் கியரை எதுக்குத் தொடணும்னே எனக்குப் புரியலை. திருவொற்றியூர்ல இருந்து பாரிமுனை வரைக்கும் மேடுன்னா பாலம் மட்டும்தான்.

நடுப்பல்லு 34, பின்னாடி சின்னது 14. 34/14 = 2.43. 700x35 சக்கரம் ஒரு சுத்துக்கு சுமார் 2.15 மீட்டர். நிமிஷத்துக்கு 80 மிதி மிதிச்சா மணிக்கு 25 கி.மீ. கன்டெய்னர் லாரி நடுவுல அதுக்கு மேல போற அவசரம் யாருக்கு? முன்னாடி நடுப்பல்லுலயே விட்டுட்டு வலது கையில மட்டும் மாத்துங்க. இடது கட்டைவிரலுக்கு முழு ஓய்வு, செலவு சைபர்.

#7 பிசியோ_தண்டையார்பேட்டை

பல்லு கணக்கு சார் சொன்னது சிகிச்சையும்தான். தசைநாண் உறை வீக்கத்துக்கு முதல் மருந்து அந்த அசைவை நிறுத்துறது. கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்பிளிண்ட் போடணும். மணிக்கட்டை மட்டும் பிடிக்கிற கறுப்புப் பட்டை இதுக்கு உதவாது, கட்டைவிரல் ஃப்ரீயா ஆடிக்கிட்டே இருக்கும். மூணு நாலு வாரம், குளிக்கிற நேரம் தவிர. ஐஸைத் துணியில சுத்தி 10 நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை. அந்த வாரங்கள்ல போன்ல கட்டைவிரலால டைப் அடிக்கிறதையும் நிறுத்தணும். இதை யாரும் கேக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சே சொல்றேன்.

ஸ்பிளிண்ட் போட்டுக்கிட்டு ஓட்டலாமான்னு அடுத்த கேள்வி வரும். வேண்டாம். பிரேக் பிடிக்கிற கை அது.

#8 ஜெல்_பார்ட்டி

வலது கைக்கு மட்டும் ஜெல் கிளவுஸ் நல்லதுதானே? எல்லாரும் அதைத்தானே போடுறாங்க.

#9 ஆலன்கீ_5

கிளவுஸ் கடைசி. எடை எல்லாம் கையில விழுறவரைக்கும் எத்தனை மெத்தை வெச்சாலும் நரம்பு நசுங்கும். தடிமனான ஜெல் இன்னொரு வேலையும் பண்ணும்: கிரிப் சுத்தளவு கூடிடும், சின்னக் கை இருக்குறவங்க இன்னும் இறுக்கிப் பிடிப்பாங்க. வாங்கித்தான் ஆகணும்னா, நடுவுல ஒரு பள்ளம் விட்டு ரெண்டு பக்கமும் திண்டு வெச்ச மாடல் பாருங்க. நரம்பு ஓடுற இடத்து மேலேயே ஒரு உருண்டை ஜெல்லு வெச்சிருந்தா அது மெத்தை இல்லை, இன்னொரு கல்லு.

முதல்ல சீட். ரசமட்டத்தையோ போனையோ சீட் மேல நீளவாக்குல வெச்சுப் பாருங்க. மூக்கு கீழ சாஞ்சிருந்தா நீங்க ஓட்டுறதில்லை, சறுக்கு மரத்துல உக்காந்து கையால முட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கீங்க. மட்டமா வைங்க. ரொம்ப வேணும்னா ஒரு டிகிரி, ரெண்டு டிகிரி, அதுக்கு மேல வேண்டாம். ஒத்தை போல்ட் சீட் போஸ்ட்ல பல் வரிசை தேஞ்சிருந்தா ரெண்டு நாள்ல திரும்பச் சாஞ்சுக்கும். அப்போ கிளாம்பையே மாத்தணும்.

ரெண்டாவது, சீட் முன்பின். முட்டி வலின்னு சொல்லி சீட்டை ரொம்ப முன்னாடி தள்ளி வெச்சிருப்பாங்க. இடுப்பு முன்னாடி வந்தா உடம்பு எடையும் முன்னாடி வந்து கையில இறங்கும். 5 மி.மீ. பின்னாடி நகர்த்தி ஒரு வாரம் பாருங்க. சோதனைக்கு ஒருத்தரை வண்டியைப் பிடிச்சுக்கச் சொல்லிட்டு ஏறி உக்காந்து, ரெண்டு கையையும் பார்ல இருந்து ஒரு விரக்கடை தூக்குங்க. அப்படியே முன்னாடி விழுந்தா கை வேலை செய்யுது, முதுகும் வயிறும் சும்மா இருக்கு.

மூணாவது, ஸ்டெம், அதாவது ஹேண்டில்பாரை ஃபோர்க்கோட சேர்க்கிற துண்டு. தூரம் அதிகம்னா 100 மி.மீ. ஸ்டெம்முக்குப் பதிலா 80. வாங்குறதுக்கு முன்னாடி இருக்குறதையே தலைகீழா திருப்பிப் போட்டு உயரம் ஏத்தலாம். கழட்டுறப்போ பக்கவாட்டு ரெண்டு போல்ட்டை முதல்ல தளர்த்துங்க, அப்புறம் மேல் மூடி. மாட்டுறப்போ மேல் மூடியை முதல்ல: முன் பிரேக்கைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டினா டக் டக்னு தட்டாம, ஹேண்டில் லேசா திரும்புற அளவு. அப்புறம்தான் பக்கவாட்டு போல்ட், சுமார் 5 நியூட்டன் மீட்டர். டார்க் ரென்ச் இல்லாதவங்க ஆலன்கீயோட குட்டைப் பக்கத்தைப் பிடிச்சு முறுக்குங்க, நீளப் பக்கத்தைப் பிடிச்சா தெரியாமலே மரை போயிடும்.

#10 பிசியோ_தண்டையார்பேட்டை

பிரேக் லீவர் கோணத்தை விட்டுட்டீங்களே.

சீட்ல உக்காந்து, தோளைத் தளர விட்டு, விரலை லீவர் மேல வெச்சா முன்கை, மணிக்கட்டு, விரல் மூணும் ஒரே கோட்டுல வரணும். நிறைய வண்டியில லீவர் தரைக்கு மட்டமா இருக்கும். அதைப் பிடிக்க மணிக்கட்டை மேல மடக்கணும். எண்ணூர் விரைவுச் சாலையில ஒரு நிமிஷம்கூட லீவர்ல இருந்து விரலை எடுக்க முடியாது, அப்போ முக்கால் மணி நேரம் மணிக்கட்டு மடங்கியே இருக்கும்.

#11 ஆலன்கீ_5

சரிதான் மேடம். 30-ல இருந்து 45 டிகிரி கீழ் நோக்கி. ஆனா இந்த வண்டியில ஒரு சிக்கல் இருக்கு. பிரேக் லீவரும் ஷிஃப்டரும் ஒரே பாடியில வர்ற டைப்பா இருந்தா, லீவரைக் கீழ சாய்ச்சா கட்டைவிரல் லீவரும் பாருக்கு அடியில போயிடும். மணிக்கட்டுக்கு நல்லது பண்ணப்போய்க் கட்டைவிரலைக் கெடுத்துக்கக் கூடாது. 30-லயே நிறுத்துங்க. தனித்தனி கிளாம்பா இருந்தா ஷிஃப்டரை 10, 15 மி.மீ. உள்ளே தள்ளி, கட்டைவிரல் சதை படுற மாதிரி வைங்க. நகக்கண்ணாலயோ மூட்டாலயோ தள்ளக் கூடாது.

லீவர் பாருக்கு ரொம்பத் தள்ளி நின்னா, உள்பக்கம் சின்ன ஸ்குரூ இருக்கும் (2 அல்லது 2.5 மி.மீ. ஆலன்கீ), அதை முறுக்கினா கிட்ட வரும். ரெண்டு விரலால பிடிச்சா போதும்ன்ற அளவுக்கு. மெக்கானிக்கல் டிஸ்க்ல பேடு தேஞ்சதும் ஒயரை மட்டும் இழுத்து இழுத்து டைட் பண்ணாதீங்க. உள்பக்கத்துப் பேடை அதுக்குன்னு இருக்குற திருகால ரோட்டர் கிட்ட கொண்டுவாங்க, அப்புறம் ஒயர்.

#12 கொருக்குப்பேட்டை_கேட்

பார் ஓரத்துல கொம்பு மாட்டுவாங்களே, அது எப்டி?

#13 ஆலன்கீ_5

கைக்கு நல்லது, பிடி மாத்திக்கலாம். ஆனா கொம்பைப் பிடிச்சிருக்குறப்போ பிரேக் கையில கிடையாது. விடிகாலை காலி ரோட்டுக்கு ஓகே, துறைமுக லாரிப் பாதைக்கு வேண்டாம். அதுக்குப் பதிலா உள்ளங்கை முழுசா உக்கார்ற மாதிரி பின்னாடி தட்டையா இறக்கை வெச்ச கிரிப் வாங்குங்க, திருகு போட்டு இறுக்குற வகை. இறக்கை எந்தக் கோணத்துல நிக்குதுன்றதுதான் முக்கியம்: மேல தூக்கி நின்னா மணிக்கட்டை மடக்கும்.

பார் அகலம் 700 மி.மீ.க்கு மேல இருந்தா கை விரிஞ்சு, மணிக்கட்டு பக்கவாட்டுல ஒடியும். உடனே ரம்பத்தை எடுக்காதீங்க. கிரிப், லீவர் எல்லாத்தையும் ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. உள்ள தள்ளி ஒரு வாரம் ஓட்டுங்க. பிடிச்சா அப்புறம் அறுங்க. அறுத்ததை ஒட்ட முடியாது.

#14 காத்து_கம்மி

யாரும் டயரைப் பத்திப் பேசலையே. பஞ்சர் கடை கம்ப்ரசர்ல "ஃபுல்லா அடி"ன்னு சொல்லி 80 பி.எஸ்.ஐ. ஏத்திட்டு, சூரிய நாராயண செட்டித் தெரு குண்டு குழியில போனா மணிக்கட்டு என்னாகும்? டயர் ஓரத்துல அச்சடிச்சிருக்குறது தாண்டக் கூடாத எல்லை, அடிக்க வேண்டிய அளவு இல்லை.

700x35, ஆள் 70 கிலோன்னா முன்னாடி 45-லேந்து 50, பின்னாடி 55-லேந்து 60. முன் சக்கரம்தான் கைக்குப் பேசுது, அதைக் குறைங்க. ரொம்பக் குறைச்சா குழி விளிம்புல ட்யூப் ரெண்டு இடத்துல பாம்புக் கடி மாதிரி கிழியும், அதுதான் கீழ் எல்லை.

சஸ்பென்ஷன் இருக்குன்னு நம்பாதீங்க. முன் பிரேக்கைப் பிடிச்சு ஹேண்டிலை அழுத்திப் பாருங்க. விலை குறைஞ்ச ஸ்பிரிங் ஃபோர்க்ல உப்புக்காத்து பட்டா உள்குழாய் துரு ஏறி அப்படியே நின்னுடும். அப்போ அது ரெண்டு கிலோ இரும்பு, வேற ஒண்ணுமில்லை.

#15 கொடம்_கேரியர்

பழைய 22 இஞ்ச் வண்டியில தண்ணி கொடம் மாட்டி வர்றவங்களுக்கும் மணிக்கட்டு வலி இருக்கு. அதுக்கு என்ன வழி? ஸ்டெம், கிரிப் எதுவும் அதுல கிடையாது.

#16 ஆலன்கீ_5

அந்த வண்டியோட ஹேண்டில் உண்மையில மணிக்கட்டுக்கு நல்லது. பின்னாடி வளைஞ்சு வருது, எடை முழுக்க சீட்ல. வலி ரெண்டு இடத்துல இருந்து வரும். ஒண்ணு, ஹேண்டில்ல கொடத்தை மாட்டுறது. ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு மாட்டினா ஆளுக்கு முன்னாடி முப்பது கிலோ ஆடுது, ஒவ்வொரு ஆட்டத்தையும் கைதான் நிறுத்தணும். பின் கேரியர்ல ரெண்டு பக்கமும் இரும்புக் கொக்கி அடிச்சுக் கொடத்தை அங்க மாத்துங்க, எந்த வெல்டிங் பட்டறையிலயும் செய்வாங்க. குதிகால் இடிக்காத தூரம் மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க.

ரெண்டாவது, ராடு பிரேக். மூட்டெல்லாம் காஞ்சு கிடக்கும், கட்டை வழுவழுன்னு ஆகியிருக்கும், அதனால உடும்புப் பிடி பிடிக்க வேண்டியிருக்கு. மூட்டுக்கு மூட்டு எண்ணெய், புது ரப்பர் கட்டை. ரிம்முல எண்ணெய் படாம.

ஹேண்டில் ஏத்தணும்னா நடு போல்ட்டை ரெண்டு மூணு சுத்து தளர்த்தி, மேல மரக்கட்டை வெச்சுச் சுத்தியால ஒரு தட்டு. தண்டுல கோடு ஒண்ணு இருக்கும், அது வெளிய தெரியக் கூடாது.

#17 புத்தூர்_ரசிகன்

இவ்ளோ எதுக்கு? ஒரு கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்.

#18 பிசியோ_தண்டையார்பேட்டை

இதுக்கு மட்டும் கண்டிப்பா பதில் சொல்லியாகணும்.

கீழ விழுந்து கையை ஊணினப்புறம் வர்ற வலி வேற. கட்டைவிரலை நல்லா விரிச்சா அடியில ரெண்டு நரம்பு மாதிரி எழும்பி நடுவுல ஒரு குழி விழும். அந்தக் குழியை அழுத்தினா வலிக்குதுன்னா, படகு மாதிரி இருக்குற ஸ்காபாய்டு எலும்பு விரிசல் விட்டிருக்கலாம். இதுல வீக்கமே அதிகம் இருக்காது, பிரேக்கும் பிடிக்க முடியும், அதனால சுளுக்குன்னு விட்டுடுவாங்க. முதல் நாள் எக்ஸ்ரேயில தெரியாமலும் போகும். 10, 14 நாள் கழிச்சுத் திரும்ப எடுக்கணும், அதுவரைக்கும் மாவுக்கட்டோ ஸ்பிளிண்டோ இருக்கணும். அந்த எலும்புக்கு ரத்தம் ஒரு முனையில இருந்துதான் போகுது. உடைஞ்சது கூடாம போனா மேல் துண்டு செத்துப்போய், சில வருஷத்துல மணிக்கட்டு தேய்மானம். படம் எடுக்காம உருவி நீவிக் கட்டுறது இந்த எலும்புக்கு ஆகவே ஆகாது.

வடசென்னைக்காரங்க இதுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில கைக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, டாக்டர் ஆர். வெங்கடசாமி கட்டி எழுப்பினது. விரல் நுனி அறுவைச் சிகிச்சையில அவர் பேர்ல ஒரு முறையே இருக்கு. காலையிலயே ஓ.பி. சீட்டு போட்டுடுங்க.

விழாமலே போக வேண்டிய நேரமும் இருக்கு: வண்டியை விட்டு இறங்கி ஒரு நாள் ஆகியும் மரமரப்பு போகலைன்னா, சட்டை பட்டன் போட, சாவி திருக விரல் தடுமாறினா. ஒரு பேப்பரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரல் ஓரத்துக்கும் நடுவுல பிடிச்சு, இன்னொருத்தரை இழுக்கச் சொல்லுங்க. பேப்பரை விடாம இருக்கக் கட்டைவிரல் நுனி மடங்கினா, தசை பலம் போக ஆரம்பிச்சிருக்கு. அப்புறம் கிரிப், கிளவுஸ் பேச்சே இல்லை, டாக்டர்தான்.

#19 கொருக்குப்பேட்டை_கேட்

விழுறது பாதி தண்டவாளத்துலதான். கேட்ல, ஹார்பர் லைன்ல கோணலா ஏத்தினா முன் சக்கரம் பள்ளத்துல மாட்டிக்கும். நேரா, செங்குத்தா தாண்டணும், ஈரமா இருந்தா எறங்கித் தள்ளு.

#20 விம்கோ_டு_வால்டாக்ஸ்

சோதனை பண்ணியாச்சு. ஒயரை உருவினதும் ஷிஃப்டர் வெண்ணெய் மாதிரி போகுது, கேபிள்தான். சீட் மூக்கு 5 டிகிரி கீழ இருக்கு. புறங்கை மரக்கலை. பேப்பர் சோதனையில விரல் மடங்கலை.

கேபிள் எவ்ளோ நீளம் வாங்கணும்?

#21 ஆலன்கீ_5

பின் கியர் இன்னர் 2.1 மீட்டர்னு ரெடியா வரும், முன்னுக்கும் அதையே வாங்கி மிச்சத்தை வெட்டிக்கலாம். அவுட்டர் பழைய துண்டுகளைக் கையில எடுத்துட்டுப் போய் மொத்த நீளம் போட்டு, கூட அரை மீட்டர். பார்க் டவுன், பாரிமுனைப் பக்கத்து ஸ்பேர் கடைகள்ல மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க. கேப் எட்டு, இன்னர் நுனிக்கு மூடி ரெண்டு. அவுட்டரைக் கடையிலயே வெட்டச் சொன்னா வாயைப் பாத்து வாங்குங்க, நசுங்கியிருந்தா அங்கேயே ராவச் சொல்லுங்க. ஊசி வீட்டுல இருந்து.

சீட்டை இன்னிக்கே மட்டம் பண்ணிடுங்க, அதுக்குக் கடை தேவையில்லை.